ஈர மணல் – அத்தியாயம் 9: பானகம்

அப்பா வேட்டியைத் தொடைக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மருந்துப் புட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன தாயி, கொழுக்கட்டை பிடிக்கிறியா?" என்றார்.

"குலுக்கினா நுரைச்சுரும்ப்பா. நுரையோட ஊசியில ஏத்தினா அளவு குறைஞ்சுபோகும். இப்படி உருட்டித்தான் கலக்கணும்."

"அப்பச் சரி. பூவைக் கசக்காம அள்ளுற மாதிரி."

ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். பனி இல்லை, மொட்டு நன்றாக வந்திருக்கும் என்றார். எங்கள் வீட்டில் எல்லாரும் பழையபடி இருந்தபோது நடந்த கடைசிச் சாதாரண காரியம் அதுதான்.

இந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்குள் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அப்பா உடையப்பனுக்கு அகரம் ஊருக்குத் தெற்கே மல்லிகையும் கனகாம்பரமும் போட்ட தோட்டம். காலையில் திண்டுக்கல் கடையில் பூ நிறுப்பார். போன ஐப்பசியில் அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்ததை அம்மா பார்த்தாள். டாக்டர் அருள்நாதன் சோதித்து, சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் போட வேண்டும் என்றார். நான் வள்ளி; அப்போது மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். நான் இல்லாத நாட்களில் அம்மா ராமுத்தாய்தான் ஊசி போடுவாள். கத்தரிக்காயில் குத்திக் குத்திப் பழகினாள். அந்த வாரம் முழுக்க எங்கள் சோற்றுக்கு வெஞ்சனம் ஓட்டைக் கத்தரிக்காய்தான்.

ஐஸ் பெட்டி கிடையாது. ஒரு பெரிய மண்பானையில் ஆற்று மணலைக் கொட்டி, அதற்குள் ஒரு சின்னக் கலயத்தைப் புதைத்து, கலயத்துக்குள் புட்டியை வைத்திருந்தோம். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிப்பது அம்மாவின் வேலை. பங்குனி வெயிலிலும் புட்டி கிணற்றடிக் கல் போலக் குளிர்ந்திருக்கும்.

பெரியப்பா கண்ணுசாமி தை மாதம் இறந்ததைச் சென்ற வாரம் எழுதினேன். பேச்சியம்மன் அவர் மேல்தான் இறங்குவாள். அவர் போன பிறகு ஆத்தா யாரைப் பிடிப்பாள் என்பதே ஊர்ப் பேச்சாக இருந்தது. சித்தப்பா சுருளிவேல் அந்தக் கவலையில் இளைத்தே போனார். எங்கள் வீட்டை விட்டு ஆத்தா வேறு வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்பது அவர் தவிப்பு.

திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்தேன். சாமியின் நகையும் சேலையும் இருக்கும் பெட்டியை ஊர்வலமாகத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவது பெரியப்பாவின் பாத்தியம். இந்த வருஷம் அது அப்பாவுக்கு வந்திருந்தது.

மதுரையில் எங்கள் சிஸ்டர் வகுப்பில் நுழைந்ததும் முதலில் இதைத்தான் சொல்லச் சொல்வார். மருந்தைக் கையில் எடுத்தால் ஆள் சரியா, மருந்து சரியா, அளவு சரியா, வேளை சரியா, வழி சரியா என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். வழி என்றால் வாயா, தசையா, நரம்பா என்பது. அன்று காலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். எல்லாம் சரியாக இருந்தன.

"சாப்பிட்டுருவீங்கள்ல? ஊசி போட்டா செத்த நேரத்துல சாப்பிடணும். சாப்பிடாட்டி இந்த மருந்து ரத்தத்துல இருக்கிற சர்க்கரையைத் தின்னுரும்."

"சாப்பிடாம? ஒங்கம்மா கேப்பத் தோசை சுட்டு மூடி வச்சிட்டுல்ல போயிருக்கா."

அம்மா மாவிளக்குத் தட்டோடு முன்னாலேயே கோயிலுக்குப் போயிருந்தாள். நான் ஊசியைக் கழுவி வெந்நீரில் போட அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. அப்பா கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆச்சாப்பா?"

"ஆச்சு தாயி."

யாருக்குமே இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். பூக்கடையில் எடை சரியாக நின்ற பிறகும் ஒரு பிடி அள்ளிப் போடுவார். அது எனக்குத் தெரிந்த குணம்தான். அன்று அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

உறுமிச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"அண்ணே, வாங்க வாங்க. இன்னைக்கு நம்ம வீட்டு மானம் ஒங்க தலை மேல." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன நர்சம்மா, ஆத்தாளுக்கும் ஒரு ஊசி வச்சிருக்கியா?"

"ஒங்களுக்குத்தான் வச்சிருக்கேன் சித்தப்பா. பெரிய ஊசி."

"ஐயோ, நான் ஓடிட்டேன்!" என்று நிஜமாகவே ஓடினார்.

தெருத் தெருவாகப் பெட்டி போனது. வீட்டுக்கு வீடு நிறுத்தி அப்பாவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் பெண்களோடு பின்னால் நடந்தேன். பெட்டியை அவர் இறக்கவே இல்லை. தோட்டத்து வரப்பைத் தாண்டிக் கோயில் தோப்புக்கு வந்தபோது உச்சி வெயில்.

பெட்டியைச் சன்னதியில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். கை நடுங்கியது. பிறகு தோள் நடுங்கியது.

"வந்துருச்சு!" சித்தப்பாவின் குரல்தான் முதலில் கேட்டது. "ஏலே, அடிங்கடா மேளத்தை! அண்ணன் மேல எறங்கிருச்சுடா!"

குலவைச் சத்தம் தோப்பை நிறைத்தது. சுற்றி நின்றவர்கள் கையெடுத்தார்கள். சித்தப்பா அழுதேவிட்டார். என் அம்மா மாவிளக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தன் புருஷனைக் கும்பிட்டாள்.

நான் அப்பாவின் நெஞ்சைப் பார்த்தேன். குடத்துத் தண்ணீரை ஊற்றியது போல வியர்வை வழிந்தது. உதடு வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. மதுரை வார்டில் இதே வியர்வையை நான் பார்த்திருக்கிறேன். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, பிடிக்கவில்லை என்று கஞ்சியைத் தள்ளிவைத்த ஒரு கிழவருக்கு. சிஸ்டர் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து எங்களைத் திட்டினார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். கோயில் பெரியவர் மொக்கைச்சாமி கையில் இருந்த பிரம்பைக் குறுக்கே நீட்டினார்.

"எங்க போற?"

"எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல தாத்தா. சர்க்கரை எறங்கிருச்சு. இது சாமி இல்ல."

பக்கத்தில் இருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

"இது சாமி இல்லியா?" என்றார் மொக்கைச்சாமி. கோபப்படக்கூட இல்லை. சின்னப் பிள்ளை உளறியதைக் கேட்டதுபோலக் கேட்டார். "நீ ஆஸ்பத்திரியில பொணத்தைத் தொட்டுப் படிக்கிறவ. இந்த எல்லையில நிக்க விட்டதே பெருசு. பின்னால போ தாயி."

"சாப்பிட்டாரே! காலையில சாப்பிட்டாரே, பெறகு எப்படி…" நான் எனக்குள்ளேயே பேசிக்கொண்டேன் போலிருக்கிறது.

"பெட்டி தூக்குறவன் சாப்பிடுவானா?" என்றார் அவர். "ஆத்தாளுக்குப் படைக்கிற வரைக்கும் பல்லுல தண்ணி படக்கூடாது. ஒன் பெரியப்பன் அப்படித்தானே இருந்தான்?"

அது எனக்குத் தெரியாது. பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. அந்த விரதம் பெரியப்பா வீட்டு அடுப்படியோடு இருந்த விஷயம்.

அந்தத் தோப்பில் எங்கே திரும்பினாலும் வெல்லம்தான் இருந்தது. பெரிய அண்டா நிறையப் பானகம். பொங்கல் பானைகள். வரிசையாக நின்ற பெண்கள் கையில் வெல்லமும் அரிசி மாவும் பிசைந்த மாவிளக்கு. ஒரு கை அள்ளி அவர் வாயில் வைத்தால் போதும்.

"அம்மா, அந்த மாவைக் கொஞ்சம் குடு."

அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்ன தாயி நீ, ஆத்தாளுக்கு ஏத்துனது…"

"அப்பா சாப்பிடலம்மா. ஊசி போட்டுட்டுச் சாப்பிடல."

"தோசை சுட்டு வச்சேனே. சீக்காளிக்கு ஆத்தா பொறுத்துக்கிடும், சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன். சரின்னாரே." அவள் கண் என்னிடமிருந்து அப்பாவிடம் போனது. அங்கேயே நின்றது. ஆனால் இத்தனை பேர் கும்பிட்டு நிற்கும்போது அந்தச் சுடரை அணைத்து மாவை எடுக்க அவளால் முடியவில்லை. நான் கையை நீட்டினேன். யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

சித்தப்பா அப்பாவின் முன்னால் மண்டியிட்டிருந்தார். "ஆத்தா, வாய் தொறந்து ஒரு வாக்குச் சொல்லு. மழை உண்டா? ஊரு நல்லா இருக்குமா?"

அப்பாவின் வாய் கோணியது. "தட்டு… தட்டு சாயுது."

"என்ன ஆத்தா?"

"தட்டு சாயுது… நிறுத்து… நிறுத்து…"

கடையில் தினமும் சொல்வது. தராசின் ஒரு பக்கம் இறங்கினால் கையாளைப் பார்த்துச் சொல்வார். அந்தக் குரலேதான்.

"படையல் தட்டுல கொறை இருக்குன்னு சொல்றா," என்றார் மொக்கைச்சாமி. "யாரு தட்டு? சரியாப் பாருங்க!" பெண்கள் பயந்துபோய்த் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். தேங்காய் வைக்க மறந்த ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

"சித்தப்பா!" என்று கத்தினேன். "அது கடைப் பேச்சு சித்தப்பா! அவருக்கு நெனப்பு தப்புது! பானகத்தைக் குடுங்க, கும்பிட்டுக் கேக்குறேன், ஒரு செம்பு பானகம் குடுங்க!"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "பொறு தாயி. படைச்சதும் மொத செம்பு அண்ணனுக்குத்தான்," என்றார்.

அப்பா விழுந்தார்.

மேளம் நின்றது. ஆத்தா மலையேறிவிட்டாள் என்று சொன்னார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். வேப்பிலையால் முகத்தைத் தடவினார்கள். அவர் எழவில்லை. மூச்சு குறட்டைபோல வந்தது. பெரியப்பா எப்போதும் ஒரு நிமிஷத்தில் எழுந்து வெற்றிலை கேட்பார். இப்போது மொக்கைச்சாமி பிரம்பை இறக்கினார். நான் உள்ளே போனபோது யாரும் தடுக்கவில்லை.

கிள்ளிப் பார்த்தேன். இமையைத் தூக்கிப் பார்த்தேன். "அப்பா" என்று காதில் கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை.

"வள்ளி சொன்னாளே!" சித்தப்பா இப்போதுதான் பயந்தார். "பானகம் கேட்டாளே! ஏலே, கொண்டாங்கடா அதை. படையலாவது ஒண்ணாவது, செம்போட கொண்டாங்கடா!"

"வேண்டாம்!" என்றேன். "இப்பக் குடுக்கக்கூடாது!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கே கூத்து," என்றாள் ஒருத்தி. "அப்பக் குடு குடுன்னு குதிச்சா. இப்பக் குடுக்காதேங்குறா."

"அப்ப முழுங்கத் தெரிஞ்சுச்சு. இப்ப நெனப்பு இல்ல. ஊத்துனா வயித்துக்குப் போகாது, மூச்சுக் கொழாய்க்குப் போயிரும்."

எனக்கே என் குரல் பைத்தியக்காரி குரல்போலக் கேட்டது. வாய் என்பது ஒரு வழி, விழுங்க முடிகிற வரைக்கும்தான் அது வழி என்று சிஸ்டர் சொன்னதை அந்தத் தோப்பில் யாருக்கு விளக்குவது? அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அம்மா தட்டை என் முன்னால் வைத்தாள். சுடர் அணைந்திருந்தது. அவளே அணைத்திருக்க வேண்டும். மாவில் ஒரு விரல் நுனி எடுத்து ஈறில் மட்டும் தடவினேன். அது கடலில் கரைத்த பெருங்காயம். இனி நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால்தான் உண்டு. அதற்கு டவுனுக்குப் போக வேண்டும்.

"வண்டி வேணும் சித்தப்பா."

"ரோட்டுப் புளியமரத்துல பாரூக் குதிரை வண்டி நிக்குது. குதிரையை அவுத்து விட்டுருப்பான். ஆளை அனுப்பினா, ஏத்திட்டு வந்த விருந்தாடிக வரட்டும்னு நிப்பான்."

"நானே போறேன். இவரை இப்படியே ஒருச்சாய்ச்சுப் பிடிங்க. வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. சொட்டுத் தண்ணிகூட வேண்டாம்."

"சரி தாயி," என்றார். அப்பா மாதிரியே சொன்னார்.

வரப்பில் ஓடினேன். முகமது பாரூக் மரத்தடியில் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லில் இருந்து எங்கள் சொந்தக்காரர்களை ஏற்றி வந்தவர். அப்பாவிடம் பல வருஷமாகப் பூ வாங்குகிறவர்.

"உடையப்பண்ணனுக்கா?" என்று மட்டும் கேட்டார். கொள்ளுப் பையை உதறிவிட்டுக் குதிரையைப் பூட்டினார். ரோட்டில் போகவேண்டிய வண்டியை வரப்போரம் தோப்பு வரைக்கும் ஓட்டி வந்தார். சக்கரம் இரண்டு தடவை வாய்க்காலில் இறங்கியது.

நான் இறங்கி ஓடியபோது அப்பாவின் தலை சித்தப்பாவின் மடியில் மல்லாந்து இருந்தது. மீசை நனைந்திருந்தது. மார்பில் வெல்ல நிறத்தில் ஈரம். பக்கத்தில் காலிச் செம்பு.

"உள்ள போயிருச்சு தாயி!" என்றார் சித்தப்பா. அவர் கண்ணில் தண்ணீர். "நீ கேட்டப்பவே குடுத்திருக்கணும். என் புத்தி. மொதல்ல இருமுனாரு. தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊத்துனேன். அப்புறம் இருமல. நல்லா உள்ள போயிருச்சு."

நான் அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தேன். பானையில் தண்ணீர் கொதிக்கிறதுபோல ஒரு சத்தம்.

வண்டியில் அவரைக் கவிழ்ந்தாற்போல ஒருக்களித்து என் மடியில் போட்டுக்கொண்டேன். முதுகைத் தட்டிக்கொண்டே வந்தேன். வாயிலிருந்து கொஞ்சம் வடிந்தது. பாரூக் குதிரையோடு பேசிக்கொண்டே ஓட்டினார். "போடா ராஜா, போடா என் கண்ணு, அண்ணன் ஒனக்கு மாலை கட்டிப் போட்டவருடா." அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா முன்னால் பாரூக் பக்கத்தில் ஏறியிருந்தார். திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டும் வண்டி அதை நெருங்கவே இல்லை போலிருந்தது.

டாக்டர் அருள்நாதன் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். கேள்வி எதுவும் கேட்காமல் குளுக்கோஸ் குப்பியை உடைத்தார். நான் நரம்பு எழும்ப அப்பாவின் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினேன். நரம்பு நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாவது குத்தில் கிடைத்தது. மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினார்.

குழாய் காலியாகும் முன்பே அப்பா கண் திறந்தார்.

சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ன தாயி, எல்லாரும் இங்க நிக்கிறீங்க? பூ எடை போட்டாச்சா?"

சித்தப்பா சிரித்தார், அழுதார், டாக்டரின் காலைத் தொட்டார். "போட்டாச்சுண்ணே, எல்லாம் போட்டாச்சு! பாத்தியா வள்ளி? டாக்டர் ஊசி பாதி, என் பானகம் பாதி!"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்த அறையில் நானும் டாக்டரும் மட்டும்தான் சிரிக்கவில்லை. அவர் அப்பாவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி பின்பக்கம்.

"வாயில ஏதாவது குடுத்தீங்களா?"

"நான்தான் டாக்டர்," என்றார் சித்தப்பா, நெஞ்சை நிமிர்த்தி. "ஒரு செம்பு பானகம். வள்ளி வேண்டாம்னுதான் சொன்னா."

டாக்டர் என்னைப் பார்த்தார். வெளியே வரச் சொன்னார்.

"வயித்துக்குப் போகல. நெஞ்சுக்குப் போயிருக்கு. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"உன் சித்தப்பாகிட்டச் சொல்லணுமா?"

உள்ளே சித்தப்பா அப்பாவின் காலை அமுக்கிவிட்டுக்கொண்டு, ஆத்தா எப்படி இறங்கினாள் என்று அவருக்கே கதை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் சார்."

"நாளைக்கு உன் ஊசியைத்தான் சொல்வாங்க."

"சொல்லட்டும் சார்."

நெஞ்சில் போனது வடியட்டும் என்று கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். பென்சிலின் போடுமுன் ஒத்துக்கொள்கிறதா என்று தோலில் சோதித்தோம். ஆக்ஸிஜன் உருளை வாங்கிவரப் பாரூக் வண்டியோடு போனார். கொண்டும் வந்தார். படித்ததில் எதையும் நாங்கள் விடவில்லை. அத்தனையும் சரியாகத்தான் செய்தோம். உதடு நீலமாகிக்கொண்டே போனது.

வெயில் தாழ்ந்தபோது அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். மூச்சுக்கு நடுவில் நடுவில் பேசினார்.

"தோசையைக் கன்னுக்குட்டிக்குப் போட்டுட்டேன் தாயி. கோவிச்சுக்கிடாத."

"பேசாதீங்கப்பா."

"ஊசி வேண்டாம்னு சொன்னா ஒம் மொகம் வாடிரும். சாப்பிட்டேன்னா ஆத்தா மொகம் வாடிரும். நான் என்ன செய்ய?"

என்னிடம் பதில் இருந்தது. சாப்பிட முடியாத நாளில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றியிருக்கலாம் என்பது பதில். அந்த மூச்சுக்கு முன்னால் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் விளக்கு ஏற்றினார்கள். அந்த விளக்கை அவர் பார்க்கவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்தபோது வாசல் நிறையக் கூட்டம். ஆத்தா பிடித்த உடம்பு என்று பலர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மொக்கைச்சாமி தலைமாட்டில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் நிஜமாகத்தான் அழுதார்.

"ஊசி குத்துன உடம்பு," என்றார், யாரிடமும் இல்லாமல். "ஆத்தா எறங்குனா எப்படித் தாங்கும்? ஓட்டைச் சட்டியில தண்ணி நிக்குமா?"

அது கூட்டத்தில் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனது. என் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் எடுத்து முடித்து, குளித்து, வீடு காலியான பிறகு அம்மா என் எதிரில் வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு வள்ளி. நீ போட்ட ஊசியா, ஆத்தாளா?"

ஆத்தாள் என்றால் அவள் கும்பிட ஒரு தெய்வம் மிஞ்சும், ஆனால் அந்தத் தெய்வம் அவள் தாலியை அறுத்ததாகும். ஊசி என்றால் மகள். மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது. அந்த மூன்றாவது பதில் அவளுக்குப் பின்னால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றது. தலை ஈரம் துவட்டாமல், மொட்டையடித்த தலையோடு சித்தப்பா.

"அவளை விடுங்க மைனி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கு ஒண்ணுதான் புரியல தாயி. பானகம் உள்ள போச்சு. கண்ணு முழிச்சாரு. பேசுனாரு. பூவைக் கேட்டாரு. பெறகு ஏன் போனாரு?"

அவர் நிலைப்படியை விட்டு என் பக்கம் வந்தார்.

"நீ படிச்ச பிள்ளை. ஒனக்குத் தெரியும். ஏன் தாயி?"

அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்படிக்குள் போனாள். வெளிச்சம் மங்குகிற வேளை. அவள் கை அதன் பாட்டுக்குச் செம்பை எடுத்தது, தண்ணீர் மொண்டது, பானை மணலில் சுற்றித் தெளித்தது. தெளித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தவள்போல நின்றாள். ஆனாலும் செம்பில் மிச்சம் இருந்ததையும் தெளித்தாள்.

அவள் போன பிறகு நான் கலயத்தைத் திறந்து புட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

குளிர்ந்தே இருந்தது.